மாமல்லபுரமா, மகாபலிபுரமா? சுற்றுலாச் செயலிகளுக்குத் திறந்த தரவு ஏன் தேவை

[காட்சி: பூட்டிய இரும்பு கேட். பக்கத்தில் பார்வை நேரம் எழுதிய பலகை.]

வணக்கம். போன வருடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியூரில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். இரண்டு பஸ் மாறி, நல்ல வெயிலில் போய் இறங்கினால் கேட் பூட்டிக் கிடந்தது. கையில் இருந்த செயலி "இப்போது திறந்திருக்கிறது" என்று பச்சை எழுத்தில் காட்டிக்கொண்டிருந்தது. காவலாளி பொறுமையாகச் சொன்னார்: "இன்னைக்கு லீவுங்க. போர்டுலயே போட்டிருக்கு பாருங்க." பலகையில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. அவர்களுடைய இணையதளத்திலும் அந்த விவரம் இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். ஆனால் அந்த அறிவிப்பை ஸ்கேன் செய்து படமாகப் போட்டிருந்தார்கள்.

அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. சரியான தகவல் இருந்தது. அது பலகையிலிருந்து என் போன் வரைக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அது எப்படி வந்து சேரும் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

[காட்சி: ஐந்து நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2010இல் திறந்த தரவுக்கு, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தரவுக்கு, ஐந்து நட்சத்திர அளவுகோல் ஒன்றை முன்வைத்தார். அதை அந்த அருங்காட்சியக அறிவிப்பை வைத்தே புரிந்துகொள்ளலாம். யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு அறிவிப்பை இணையத்தில் போட்டால், அது ஸ்கேன் செய்த படமாக இருந்தாலும், ஒரு நட்சத்திரம். அதையே எக்செல் அட்டவணையாகக் கொடுத்தால் இரண்டு. ஒரு நிறுவனத்தின் மென்பொருளை நம்பி இருக்காத எளிய கோப்பாக, அதாவது சிஎஸ்வியாகக் கொடுத்தால் மூன்று. அந்த அருங்காட்சியகத்துக்கென்று இணையத்தில் ஒரு நிலையான முகவரி கொடுத்து, விவரங்களை அந்த முகவரியோடு சேர்த்து எழுதினால் நான்கு. அந்த முகவரியை அது இருக்கும் ஊர், அங்கே போகும் பஸ் நிறுத்தம், அதைக் கட்டியவர் என மற்றவர்களின் தரவோடு கோத்துவிட்டால் ஐந்து.

இதில் முதல் நட்சத்திரம் உரிமத்துக்குத்தான், தொழில்நுட்பத்துக்கு இல்லை. அதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.

[காட்சி: மூன்று பெட்டிகள், இடையே அம்புக்குறிகள்.]

தரவைக் கோப்பது என்றால் என்ன? பள்ளியில் படித்த எழுவாய், பயனிலை, செயப்படுபொருளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்டிஎஃப் என்ற தரத்தில் எந்தத் தகவலையும் இப்படி மூன்று துண்டாகத்தான் எழுதுவார்கள். நம் இலக்கணத்தோடு அச்சு அசலாகப் பொருந்தாது என்றாலும் வடிவம் அதுதான். "ஈபெல் கோபுரம், அமைந்துள்ள நாடு, பிரான்ஸ்." ஒரு வாக்கியம் முடிந்தது. "பிரான்ஸ், தலைநகர், பாரிஸ்." அடுத்தது. முதல் வாக்கியத்தின் கடைசித் துண்டு இரண்டாவதற்கு முதல் துண்டாகிவிட்டது பாருங்கள். சங்கிலி அப்படித்தான் வளர்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். தமிழிலேயே அந்தக் கோபுரத்தை ஈபெல், ஐஃபெல், ஈஃபில் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். கணினிக்கு இவை மூன்று வேறு பொருள்கள். 2012இல் தொடங்கிய விக்கித்தரவு, அதாவது யாரும் திருத்தக்கூடிய பொதுத் தரவுத்தளம், இதற்கு ஒரு வழி செய்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். ஈபெல் கோபுரம் க்யூ243. பிரான்ஸ் க்யூ142. "நாடு" என்ற உறவுக்கும் ஓர் எண், பி17. ஆக அந்த வாக்கியம் இப்படி மாறுகிறது:

[திரையில் பெரிய எழுத்தில்: க்யூ243 – பி17 – க்யூ142]

இது எந்த மொழி? எந்த மொழியும் இல்லை. பிரெஞ்சுக்காரர் பார்த்தால் பிரெஞ்சுப் பெயர்கள் வந்து உட்காரும், நாம் பார்த்தால் தமிழ்ப் பெயர்கள். தகவலை எழுதுவது ஒரே முறை. ஒருவர் தமிழ்ப் பெயரை மட்டும் சேர்த்துவிட்டால், அந்தத் தரவை வைத்து இயங்கும் எந்தச் செயலியும் அதைத் தமிழில் காட்ட முடியும். தமிழ் மாதிரி மொழிகளுக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று நினைக்கும்போதே எனக்கு உற்சாகமாக இருக்கிறது.

[காட்சி: கடற்கரைக் கோயில், பின்னணியில் அலைகள்.]

இப்போது நம்மூருக்கு வருவோம். மாமல்லபுரமா, மகாபலிபுரமா? நாம் இரண்டையும் சொல்கிறோம். 1984இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது யுனெஸ்கோ "மகாபலிபுரம் நினைவுச்சின்னங்களின் தொகுதி" என்று பதிந்தது. அங்கே அதன் எண் 249. பெயரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடலாம், 249 மாறாது. விக்கித்தரவில் யுனெஸ்கோ எண்ணுக்கென்றே தனி உறவு இருக்கிறது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு செயலி இங்கிருந்து அங்கே போய், அங்கிருந்து வேண்டியதை எடுத்துவரலாம்.

ஆனால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 249 என்பது எதன் எண்? ஊரின் எண் இல்லை. கடற்கரைக் கோயிலின் எண்ணும் இல்லை. ரதங்கள், குகைகள், பாறைச் சிற்பம், கடற்கரைக் கோயில் எல்லாம் சேர்ந்த தொகுதியின் எண். ஊர் ஒரு பொருள், தொகுதி இன்னொன்று, அதற்குள் இருக்கும் கோயில் வேறொன்று. மூன்றையும் "ஒன்றுதான்" என்று அவசரப்பட்டு முடிச்சுப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? மாலையில் கோயில் வளாகத்தை மூடும் நேரம் ஊரின் தலையில் போய் உட்காரும். ஊருக்குள் நுழையவே டிக்கெட் வேண்டும் என்று செயலி சொல்லும். ஊரின் மக்கள்தொகை கோயிலின் பக்கத்தில் வந்து நிற்கும்.

"இதுவும் அதுவும் ஒன்றே" என்பதும் "இது அதன் ஒரு பகுதி" என்பதும் வேறு வேறு உறவுகள். சுற்றுலாத் தரவில் மெனக்கெட வேண்டிய இடம் இதுதான் என்பது என் எண்ணம். நிரல் எழுதுவதை யாரும் கற்றுக்கொள்ளலாம். எது எதன் பகுதி என்று சொல்ல அந்த இடத்தை அறிந்தவர் வேண்டும்.

[காட்சி: பனி மூடிய மலை, சாலையோரத்தில் இரண்டு மொழிகளில் ஊர்ப்பெயர்ப் பலகை.]

இந்தப் பெயர்ச் சிக்கலோடு தினமும் வாழ்கிற ஒரு வட்டாரம் இத்தாலியின் வடக்கே இருக்கிறது, தெற்கு டிரோல். முதல் உலகப் போர் வரை ஆஸ்திரியாவோடு இருந்த பகுதி. அங்கே ஜெர்மன், இத்தாலியன், லதீன் என்று மூன்று மொழிகள். லதீன் என்பது லத்தீன் இல்லை, அந்த மலைப்பகுதியில் பேசும் வேறொரு மொழி. அதன் தலைநகரம் ஜெர்மனில் போட்சன், இத்தாலியனில் போல்சானோ, லதீனில் புல்சான். ஒரு மலைப்பாதையைத் தேடும் பயணி எந்தப் பெயரில் வேண்டுமானாலும் தேடலாம்.

அங்கே நோய் டெக்பார்க் என்ற நிறுவனம் "ஓப்பன் டேட்டா ஹப்" என்ற தளத்தை நடத்துகிறது. தங்கும் விடுதிகள், நிகழ்ச்சிகள், மலைப்பாதைகள், வானிலை, பார்க்கிங்கில் எத்தனை இடம் காலி, மின்கார் சார்ஜ் ஏற்றும் இடங்கள் எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. திறந்த பகுதியை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செயலி கட்டலாம். அந்தத் தளத்தின் மென்பொருளே திறந்த மூல மென்பொருள்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொரு விஷயம். தரவையெல்லாம் புதிய வடிவத்துக்கு மாற்றி எழுதினால்தான் இணைக்க முடியும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டு, அந்தச் செலவுக்குப் பயந்தே ஒதுங்கிவிடுகிறார்கள். தெற்கு டிரோலில் தரவு பழைய தரவுத்தளத்தில் அப்படியே இருக்கிறது. அதன் மேல் ஒரு மெல்லிய அடுக்கு. போல்சானோ பல்கலைக்கழகத்தில் உருவான ஆன்டாப் என்ற மென்பொருள் அந்த வேலையைச் செய்கிறது. "ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிற விடுதிகள் எவை?" என்று, கோத்த தரவிடம் கேள்வி கேட்கும் மொழியான ஸ்பார்க்கிலில் கேட்டால், அது அந்தக் கேள்வியைப் பழைய தரவுத்தளத்துக்குப் புரியும் எஸ்க்யூஎல்லாக மாற்றிக் கேட்டுப் பதிலை வாங்கித் தருகிறது. துபாஷி வேலை. இருக்கிற வீட்டை இடிக்காமல் ஒரு வாசல் மட்டும் வைப்பது மாதிரி.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. 2017இல் தொடங்கிய டேட்டாடூரிஸ்ம் நாடு முழுக்க உள்ள சுற்றுலா அலுவலகங்களின் தரவை ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு வட்டாரமும் தன் பழைய மென்பொருளிலேயே எழுதிக்கொள்ளலாம். தேசியத் தளம் அதை ஒரு பொதுச் சொற்களஞ்சியத்துக்கு மாற்றிக்கொள்ளும். இடம், நிகழ்ச்சி, பயணப்பாதை, பொருள்-சேவை என்று நான்கு பெரிய வகைகள், அவற்றுக்குள் நிறைய உள்வகைகள். இன்று 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் அதில் இருக்கின்றன. ஒரு கிராமத்துச் சந்தை எந்தக் கிழமை கூடும் என்ற விவரத்தை அந்த ஊர் அலுவலர் ஒருமுறை எழுதினால் போதும்.

இந்தப் பொதுச் சொற்களஞ்சியங்கள் பல, ஸ்கீமா டாட் ஆர்க் என்பதன் மேல் கட்டப்பட்டவை. 2011இல் கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ மூன்றும் சேர்ந்து தொடங்கியது அது. "சுற்றுலா ஈர்ப்பிடம்", "திறக்கும் நேரம்", "இலவச அனுமதியா" என்று எல்லாவற்றுக்கும் அதில் சொல் இருக்கிறது. நீங்கள் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்தினாலும் உங்கள் இணையப் பக்கத்தின் உள்ளே, கணினி படிப்பதற்கான ஜேசன்-எல்டி என்ற வடிவில் பத்து வரி சேர்த்தால் போதும், தேடுபொறிக்கு அது விடுதி என்று புரிந்துவிடும்.

[காட்சி: பஸ் நிறுத்தம். பஸ் வந்து நிற்கிறது.]

சரி, இவ்வளவு நுணுக்கமாக எல்லாம் இருந்தால்தான் ஒரு தரம் வெற்றி பெறுமா? இல்லை. 2005இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமான ட்ரைமெட்டும் கூகுளும் சேர்ந்து பஸ் நேர அட்டவணைக்கு ஒரு வடிவம் செய்தார்கள். ஜிடிஎஃப்எஸ் என்று பெயர். உள்ளே திறந்து பார்த்தால் சில சாதாரண உரைக் கோப்புகள்தான், காற்புள்ளி போட்டுப் பிரித்த வரிகள். நிறுத்தங்களுக்கு ஒரு கோப்பு, தடங்களுக்கு ஒன்று, நேரங்களுக்கு ஒன்று. எல்லாம் ஒரு ஜிப்புக்குள். ஒரு சாதாரண ஊழியர் எக்செல்லிலேயே செய்துவிடலாம். உலகம் முழுக்கப் பரவியதற்கு அதுதான் காரணம். கொச்சி மெட்ரோ 2018இல் தன் தரவை இந்த வடிவத்தில் திறந்துவிட்டது. அதனால் யாராவது உங்களிடம் "முதல் நாளே ஐந்து நட்சத்திரம் வேண்டும்" என்றால் கேட்காதீர்கள். மூன்று நட்சத்திரத் தரவை ஒழுங்காகப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது, ஐந்து நட்சத்திரத்தில் ஒருமுறை போட்டுவிட்டு மறந்துபோவதைவிட எவ்வளவோ மேல்.

[காட்சி: மை வைத்த முத்திரை, காகிதம்.]

இப்போது உரிமம். ஐரோப்பாவில் 1996ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, தனித்தனித் தகவலுக்கு உரிமை இல்லாவிட்டாலும், உழைத்துத் திரட்டிய தரவுத்தொகுப்புக்குத் தனியாக உரிமை உண்டு. அதனால் "இணையத்தில் இருக்கிறதே, எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்ல முடியாது. விக்கித்தரவு சிசி0 என்ற உரிமத்தில் இருக்கிறது. எந்த நிபந்தனையும் இல்லை. யாரும் சேர்த்து எழுதக்கூடிய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஓடிபிஎல் என்ற உரிமத்தில் இருக்கிறது. எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும், அதிலிருந்து உருவாக்கிய தரவுத்தொகுப்பை வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும். இரண்டுமே திறந்தவைதான், இருந்தாலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை மொத்தமாக அள்ளி விக்கித்தரவில் கொட்ட முடியாது. ஆனால் இணைக்கலாம். வரைபடத்தில் இருக்கும் கோயிலின் குறிப்பில் அதன் விக்கித்தரவு எண்ணை மட்டும் எழுதிவிட்டால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும்.

இந்தியாவில் மத்திய அரசு 2012இல் தரவுப் பகிர்வுக் கொள்கை கொண்டுவந்தது, 2017இல் அரசுத் திறந்த தரவு உரிமத்தையும் அறிவித்தது. சட்டப்படி வழி இருக்கிறது. பயணிகள் எத்தனை பேர் வந்தார்கள் என்ற அட்டவணைகளை அரசுத் தரவுத்தளத்தில் பார்க்கலாம். நான் ஆசைப்படுவது அதற்கு அடுத்த படி. எந்தக் கோயில் எத்தனை மணிக்கு நடை சாத்துகிறது, எங்கே குடிநீர் இருக்கிறது, எங்கே சக்கர நாற்காலி போகும். ஒரு பயணிக்கு அன்றைக்குத் தேவைப்படுவது அதுதான்.

சக்கர நாற்காலி என்றதும் வீல்மேப் நினைவுக்கு வருகிறது. 2010இல் பெர்லினில் தொடங்கியது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் சக்கர நாற்காலி போகுமா, ஓரளவு போகுமா, போகாதா என்று மூன்றே பதில். அந்த ஒரு குறிப்பு, ஒரு குடும்பம் பாட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போவதா, கூட்டிக்கொண்டு போவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

[காட்சி: மறுபடியும் அந்த இரும்பு கேட். போன் திரையில் வரைபடம்.]

அன்றைக்கு அந்தப் பூட்டிய கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். அம்மா டீ குடித்து முடிப்பதற்குள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்த அருங்காட்சியகத்தைத் தேடிப் பார்த்தேன். பெயர் மட்டும் இருந்தது, நேரம் இல்லை. பலகையை என் கண்ணால் பார்த்ததால் அதை எழுத எந்த உரிமத் தடையும் இல்லை. விடுமுறை நாள், திறக்கும் நேரம், மூடும் நேரம், வாசலில் மூன்று படி, சாய்தளம் இல்லை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். தமிழ்ப் பெயரையும் சேர்த்தேன். காவலாளியிடம் காட்டினேன். அவர் திரையைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "பொங்கலுக்கும் லீவுங்க, அதையும் போட்டுடுங்க" என்றார். அதையும் போட்டேன்.

[திரை மெல்ல இருட்டாகிறது.]