35 பவுண்டு பெப்பரும் 50 பென்ஸ் மெட்ராஸ்காரரும்: லண்டனிலிருந்து 1967 கதை

வணக்கம் மக்களே. இன்றைக்கு முகம் கொஞ்சம் கடுகடுவென்று இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். காரணம் இதோ, கையில் இருக்கும் இந்த ரெக்கார்டு. பீட்டில்ஸ் குழு 1967-இல் வெளியிட்ட 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பம், அதிலும் எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும் மோனோ பிரதி வேண்டும் என்று எத்தனை வீடியோக்களில் புலம்பியிருக்கிறேன், உங்களுக்கே தெரியும். தெற்கு லண்டனில் ஒரு பழைய ரெக்கார்டு கடையில் கிடைத்தது. 35 பவுண்டு! அட்டையில் பிஎம்சி 7027 என்று இருக்கிறது, அதுதான் மோனோ எண். வீட்டுக்கு வந்து தட்டை வெளியே எடுத்தால் லேபிளில் பிசிஎஸ் 7027. ஒலியை இரண்டு ஸ்பீக்கருக்கும் பிரித்துத் தரும் ஸ்டீரியோ! போன் போட்டுக் கேட்டேன். "அட்டைக்குத்தான் அந்த விலை" என்கிறார் கடைக்காரர். அட்டை மேலேயா ஊசி வைத்துக் கேட்பேன்?

கோபத்தில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். வெட்டி எடுத்து ஒட்டிக்கொள்ள மீசை, பேட்ஜ் எல்லாம் அச்சடித்த ஒரு தாள் அந்தக் காலத்தில் உள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். அதுவும் இல்லை. 35 பவுண்டுக்கு மீசை கூட இல்லை.

மோனோ மேல் என்ன இவ்வளவு வெறி என்று புதிதாக வந்தவர்கள் கேட்பீர்கள். பதிவான ஒலிகளைக் கலந்து சேர்ப்பதுதான் மிக்ஸிங்; மோனோ மிக்ஸிங்குக்குத்தான் பீட்டில்ஸ் கூடவே உட்கார்ந்தார்கள். ஸ்டீரியோவை ஸ்டூடியோ ஆட்களே முடித்துவிட்டார்கள். 'ஷீ'ஸ் லீவிங் ஹோம்' பாட்டு மோனோவில் கொஞ்சம் வேகம், சுருதியும் ஏற்றம். ஸ்டீரியோவில் அதே பாட்டு தூக்கக் கலக்கத்தில் நடப்பது போல இருக்கும். எனக்குப் பிடிக்காது.

சரி, நல்ல விஷயத்துக்கு வருகிறேன். அதே கடையில் வாசல் பக்கம் 50 பென்ஸ் பெட்டி ஒன்று. அதில் பாடகர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்கின் 'ரிலீஸ் மீ' கிடந்தது. எடுத்துக்கொண்டேன். மனுஷன் நம்ம ஊரில் பிறந்தவர், தெரியுமா? 1936-இல் மெட்ராஸில். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தார். சொந்தப் பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டோர்ஸி, வளர்ந்தது லெஸ்டரில். அந்த வாயில் நுழையாத பெயர், ஆபெரா (இசை நாடகம்) எழுதிய ஒரு பழைய ஜெர்மன் இசையமைப்பாளருடையது. மேனேஜர் அதைத் தூக்கி இவருக்கு வைத்துவிட்டார்.

1967 என்றாலே ஹிப்பிகளின் பூ, சிதார், கலர் சட்டை என்று ஆரம்பிக்கிறார்களே, அவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான். அந்த வருடம் பிரிட்டனில் அதிகம் விற்ற சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கும் சின்ன ரெக்கார்டு, எது? இந்த 50 பென்ஸ் ரெக்கார்டுதான். ஆறு வாரம் முதலிடம். ஒரு பக்கம் 'பென்னி லேன்', மறுபக்கம் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' என்று வந்த பீட்டில்ஸ் சிங்கிளையே இரண்டாம் இடத்தில் நிறுத்தியது. பூ வைத்தவர்கள் போட்டோவில் இருந்தார்கள், காசு கொடுத்து வாங்கியவர்கள் இவரை வாங்கினார்கள்.

அதற்காக பெப்பரைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த வருடத்தில் எனக்குப் பிடித்ததே பாப் ஆட்களும் கிளாசிக்கல் ஆட்களும் ஒரே ஸ்டூடியோவில் நின்றதுதான். பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய பிராண்டன்பர்க் கான்செர்ட்டோ என்ற ஆர்க்கெஸ்ட்ரா இசை ஒன்றில் டேவிட் மேசன் டிரம்பெட் வாசிப்பதை பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி டிவியில் பார்த்தார். உடனே ஆளைக் கூப்பிட்டு 'பென்னி லேன்' நடுவில் வாசிக்க வைத்தார்கள். குட்டி டிரம்பெட், உயிரை வாங்கும் உயரத்தில் சுரங்கள். கூலி 27 பவுண்டு 10 ஷில்லிங். நான் அட்டைக்குக் கொடுத்தது 35!

பிப்ரவரி 10 இன்னும் வேடிக்கை. பெப்பரின் 'எ டே இன் த லைஃப்' பாட்டுக்கு ஏபி ரோடு ஸ்டூடியோவில் 40 ஆர்க்கெஸ்ட்ரா கலைஞர்கள். கச்சேரி கோட்டு, கூடவே பொய் மூக்கு, காகிதத் தொப்பி. வயலின் தலைவர் கையில் கொரில்லாக் கையுறை! 24 பார், அதாவது 24 தாள வட்டம், தரப்பட்டது. அவரவர் வாத்தியத்தின் அடி சுரத்தில் தொடங்கி உச்சிக்கு ஏற வேண்டும், பக்கத்தில் இருப்பவரைக் கேட்கவே கூடாது. சேர்ந்து வாசிப்பதையே வாழ்நாள் முழுக்கப் பழகியவர்களிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்! பாட்டின் கடைசியில் வரும் அந்த நீண்ட பியானோ கார்டு (பல சுரங்களை ஒரே நேரத்தில் அமுக்குவது) இருக்கிறதே, அது அடங்க அடங்க மைக் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஹெட்போனில் கேளுங்கள், முடியும் நேரத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிடும்.

அந்த வருடத்தில் எனக்கு ஒரே ஒரு வாரம் கொடுத்தால் போதும். பெப்பர் மே 26-க்கே கடைக்கு வந்துவிட்டாலும் அதிகாரபூர்வ நாள் ஜூன் 1. மறுநாள், ஜூன் 2, இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் மாவட்டத்தில் ஸ்னேப் மால்டிங்ஸ் அரங்கை ராணி திறந்துவைத்தார். பார்லியை முளைகட்டும் பழைய ஆலை அது. இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் தன் ஆல்ட்பரோ இசை விழாவுக்காகக் கச்சேரி அரங்காக மாற்றினார். ஜூன் 3-இல் அந்த விழாவில் இசையமைப்பாளர் வால்டனின் 'த பேர்' என்ற ஆபெரா முதல்முறையாக அரங்கேறியது. ஜூன் 4-இல் லண்டன் சவில் தியேட்டரில் கிட்டார் கலைஞர் ஹெண்ட்ரிக்ஸ் பெப்பரின் முதல் பாட்டையே வாசித்துக் கச்சேரியைத் தொடங்குகிறார், பால் கீழே உட்கார்ந்து பார்க்கிறார். வெளியீட்டு நாளிலிருந்து மூன்றே நாள்! அந்த வாரம் முடிவதற்குள் புரோகல் ஹாரம் குழுவின் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' முதலிடத்துக்குப் போய்விட்டது. அந்த ஆர்கனைக் கேட்டால் பாக் எங்கோ பக்கத்து அறையில் இருப்பது தெரியும்.

இன்னொன்று, ஸ்னேப் அரங்கு 1969-இல் தீப்பிடித்து எரிந்தது. 1970 விழாவுக்குள் மறுபடி கட்டிவிட்டார்கள். எங்கள் தெருக் குழாய்ப் பள்ளத்தை மூடச் சொல்லிப் போட்ட வீடியோ ஞாபகம் இருக்கிறதா? அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பாடகி சாண்டி ஷா ஏப்ரலில் ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷன் ஜெயித்தார், பிரிட்டனுக்கு முதல் வெற்றி. செருப்பில்லாமல் பாடினார். பாட்டு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அவ்வளவுதான்.

கடைசியாக செப்டம்பர் 30. கடலில் கப்பலிலிருந்து பாட்டுப் போட்ட திருட்டு வானொலிகளைச் சட்டம் போட்டு ஒடுக்கியபின், பிபிசி தானே ரேடியோ 1 தொடங்கியது. கிளாசிக்கலுக்கு ரேடியோ 3 என்ற பெயரும் அன்றைக்குத்தான். ரேடியோ 1-இல் டோனி பிளாக்பர்ன் போட்ட முதல் ரெக்கார்டு, த மூவ் குழுவின் 'ஃபிளவர்ஸ் இன் த ரெயின்'. இந்தப் பாட்டுக்கு விளம்பரமாக அவர்களுடைய மேனேஜர், பிரதமர் ஹரால்ட் வில்சனைக் கேலி செய்து ஒரு அஞ்சல் அட்டை அச்சடித்தார். வில்சன் வழக்குப் போட்டார், ஜெயித்தார், ராயல்டி முழுவதும் அறக்கட்டளைகளுக்குப் போய்விட்டது. எழுதிய ராய் வுட்டுக்குப் பட்டை நாமம். எனக்கு வயிறு எரிகிறது, இதற்குத் தனி வீடியோ போட்டே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், வாருங்கள்.