கைக்குத் தெரிய வேண்டியதைக் கண்ணிடம் கேட்கலாமா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடிக்கு 30 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அந்த வேகத்தில் ஓட்டிக்கொண்டே உள்வெப்பத்தை 2 டிகிரி கூட்டுவது, கண்ணாடியில் படரும் ஆவியைப் போக்குவது, வானொலியில் ஒரு நிலையத்தைப் பிடிப்பது போன்ற சில வேலைகளைச் செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஸ்வீடனின் ‘வி பிலாகரே’ என்ற கார் இதழ் 2022-இல் இதை அளந்து பார்த்தது. பொத்தான்கள் நிறைந்த 2005-ஆம் ஆண்டு வால்வோ வி70 காரில் 10 விநாடி ஆனது. அதற்குள் கார் 306 மீட்டர் கடந்திருந்தது. பெரிய தொடுதிரை வைத்த புதிய கார்களில் மிகவும் பின்தங்கியதோ 1,372 மீட்டர் ஓடிய பிறகுதான் அதே வேலைகளை முடிக்க விட்டது. ஓட்டியவர்களுக்கு முன்கூட்டியே பழகிக்கொள்ள நேரமும் கொடுத்திருந்தார்கள்.

தொடுதிரை மெதுவாக வேலை செய்வதல்ல இதற்குக் காரணம். திருகும் குமிழை விரல் தடவிக் கண்டுபிடிக்கும். எத்தனை ‘டிக்’ திரும்பியது என்பதும் விரலுக்கே தெரியும். வழவழப்பான கண்ணாடியில் எல்லா இடமும் ஒன்றுபோல இருக்கிறது. எங்கே தொடுவது, தொட்டது பதிந்ததா, திரையில் எந்த மெனு திறந்தது, இத்தனைக்கும் கண் தேவை. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால் திரையை இடக்கையால் தொட வேண்டும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வலக்கைப் பழக்கக்காரரின் இடக்கை விரல் எவ்வளவு தடுமாறும் என்று எண்ணிப் பாருங்கள்.

கை உணர வேண்டியதைக் கண்ணுக்கு மாற்றியதால் வந்த பெரிய கேடு ஒரு கியர் நெம்புகோலில் நடந்தது. சாதாரண ஆட்டோமேட்டிக் காரில் நெம்புகோல் போட்ட இடத்திலேயே நிற்கும். பார்க் (வண்டி நகராமல் பூட்டும் நிலை), ரிவர்ஸ், டிரைவ் ஒவ்வொன்றுக்கும் தனி இடம். ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 2012 முதல் 2015 வரையிலான சில டாட்ஜ், கிரைஸ்லர், ஜீப் மாடல்களில் வேறொரு நெம்புகோலை வைத்தது. முன்னோ பின்னோ தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் அது நடுவுக்கே திரும்பிவிடும். எந்தக் கியர் விழுந்தது என்பதை எரியும் எழுத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். போதுமான அளவு தள்ளாவிட்டால் வண்டி பார்க்குக்குப் போகாது. ஆனால் கையை எடுத்த பின் நெம்புகோல் நிற்கும் இடம் எப்போதும் ஒன்றுதான்.

பார்க்கில் போட்டுவிட்டதாக நம்பிப் பலர் எஞ்சின் ஓடும்போதே இறங்கினார்கள். வண்டி உருண்டது, பலர் காயமடைந்தார்கள். கதவைத் திறந்தால் மணி அடிக்கும், எச்சரிக்கை வாசகமும் வரும். அவை போதவில்லை. மணி ஒலிக்கப் பல காரணங்கள் உண்டு. எதற்காக ஒலிக்கிறது என்பதை அது சொல்வதில்லை. 2016 ஏப்ரலில் உலகம் முழுவதும் சுமார் 11 லட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்க முற்பட்டால் வண்டி தானாகவே பார்க்குக்கு மாறும்படி மென்பொருள் மாற்றப்பட்டது. ஓட்டுநரை இன்னும் கவனமாக இருக்கச் சொல்லாமல் வண்டியைத் திருத்தினார்கள். அதுதான் சரியான வழி.

இந்தப் பாடம் புதியதும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் பி-17 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் விமானிகள் சிலர் தரையிறங்கிய பிறகு, இறக்கை மடிப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கி ஏற்றும் பலகையை) உயர்த்துவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். இரண்டு விசைகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் சக்கர விசையின் தலையில் சிறு சக்கர வடிவத்தையும் மடிப்பு விசையில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் செய்தார். இன்றைய விமானங்களிலும் சக்கர நெம்புகோலின் தலை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013-இல் ஒரு வரம்பு வகுத்தது: சாலையை விட்டு விலகும் ஒவ்வொரு பார்வையும் பெரும்பாலும் 2 விநாடிக்குள் இருக்க வேண்டும், ஒரு வேலைக்கு மொத்தம் 12 விநாடி. இளையோர் முதல் 55 வயதைக் கடந்தோர் வரை 24 பேரை வைத்துச் சோதித்து, 21 பேராவது தேற வேண்டும். இன்னொரு முறையில் 1.5 விநாடி திறந்து 1.5 விநாடி மூடும் கண்ணாடியை அணிவித்து வேலை செய்யச் சொல்வார்கள். பார்வை மறைந்து திரும்பும்போது விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறதா என்பது இதில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். தானாக முகப்புக்குத் திரும்பிவிடும் மெனு இங்கேதான் தோற்கும்.

கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திர மதிப்பு தரும் ஐரோப்பிய என்கேப் அமைப்பின் 2026 மதிப்பீட்டு விதிகள் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்தையும் தனி விசையாக வைக்கும் கார்களுக்குச் சாதகமாக அமைந்திருக்கின்றன. கண்ணாடி ஆவியைப் போக்கும் விசையையும் இதில் சேர்த்திருக்கலாம் என்பது என் கருத்து. மழையில் பார்வை மறையும்போது அதைத் திரைக்குள் தேட வைப்பது கொடுமை.

கார் வாங்கப் போகிறவர்கள், நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வைப்பர், ஹசார்டு விளக்கு, ஏ.சி. விசிறி மூன்றையும் கையாலேயே தேடிப் பாருங்கள். பிறகு உச்சி வெயிலில் திரையைப் படித்துப் பாருங்கள். ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் திரைக்கு எழுத்து 4 மில்லிமீட்டர் உயரமாவது இருந்தால் நல்லது. வீட்டில் வயதில் மூத்தவர் யாராவது அந்த வண்டியை ஓட்டுவார் என்றால், அவரையே உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.