நூலகத்தில் அவரை விதை கடன் வாங்கலாம்!

(திரையில்: பழைய நூலக அலமாரி. சின்ன இழுப்பறை திறக்கிறது. உள்ளே விதைப் பொட்டலங்கள்.)

வணக்கமுங்க! நூலகத்துக்குப் போய் ஒரு பிடி அவரை விதையைக் கடன் வாங்கிக்கொண்டு வர முடியுமா? அமெரிக்காவில் பல பொது நூலகங்களில் முடிகிறது. கம்ப்யூட்டர் வந்த பிறகு சும்மா கிடந்த புத்தக அட்டவணை அலமாரியிலேயே சில இடங்களில் விதைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். எடுத்துப்போய் விதைக்க வேண்டும், நாலு காயை முற்ற விட்டு, அந்த விதையில் கொஞ்சம் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். டென்மார்க்கில் 2000-ல் தொடங்கிய மனித நூலகத்தில் ஆளையே கடன் வாங்கிக் கதை கேட்கலாம், அது தனி வீடியோ.

எனக்கு விதையை விட்டு நகர மனசு வரவில்லை. எங்கள் அம்மாயி துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பார், அவரையைச் சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் போட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார், பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து கேட்டால் ஒரு படி அளந்து கொடுப்பார், அடுத்த வருஷம் அந்தப் படி திரும்பி வந்துவிடும். இதைத்தானே அங்கே இழுப்பறைக்குள் வைத்திருக்கிறார்கள்!

ஒரு விஷயம் கவனியுங்கள். அவரையும் தக்காளியும் பெரும்பாலும் தன் பூவிலேயே மகரந்தம் சேர்ந்து காய்ப்பவை, அதனால் நாட்டு ரகமாக இருந்தால் விதை அதே குணத்தோடு வரும். பூசணியும் பீர்க்கனும் அப்படியில்லை, தேனீ பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தையும் கொண்டுவந்து சேர்த்துவிடும். கடையில் வாங்கிய ஹைப்ரிட் விதையும் அடுத்த தலைமுறையில் மாறிப்போகும். ஆகவே முதல் வருஷம் அவரை போதும்.

இதை நம் ஊர் நூலகத்தில் கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்தபோது கல்வி அமைச்சராக இருந்தவர் திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம் செட்டியார், நம்ம ஊர்க்காரர். இன்றைக்கும் சொத்து வரி ஒரு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறோம்.

ஆடிப்பட்டத்துக்கு முன்னால், ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விதை மாற்றிக்கொள்ள இடம் கொடுங்கள் என்று உங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்திடம் பேசுங்கள். பேசிவிட்டு என்ன சொன்னார்கள் என்று கமெண்ட்டில் போடுங்கள். அப்புறம், பொட்டலத்தின் மேல் ரகம், ஊர், காய் பறித்த மாதம் மூன்றையும் எழுதுங்கள். ரகத்தின் பெயர் தெரியாவிட்டால் உங்கள் அம்மாயி அதை என்ன சொல்லிக் கூப்பிடுவாரோ, அதையே எழுதுங்கள்.