பக்கத்தைப் புரட்டுவது யார்?

நண்பர்களே, பேருந்திலோ ரயிலிலோ ஒரு பெரியவரும் பிள்ளையும் சேர்ந்து புத்தகம் பார்ப்பது கண்ணில் பட்டால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பக்கத்தைப் புரட்டுவது யார்? பெரியவர் புரட்டினால், இறங்கும் இடம் வருவதற்குள் கதையை முடித்துவிடும் அவசரம் தெரியும். பிள்ளை புரட்டினால் புத்தகம் முன்னே போகும், பின்னே வரும். ஒரே நாய்ப் படத்தில் மூன்று நிறுத்தங்கள் கடந்துவிடும். கெட்டுப்போவது ஒன்றுமில்லை. நான்கு வயதுப் பிள்ளையின் பார்வை பெரும்பாலும் படத்தில்தான் இருக்கிறது, எழுத்தில் மிகக் குறைவு. கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்த 2005ஆம் ஆண்டு ஆய்வு இதைக் காட்டியது.

அடுத்தது பேச்சு. 1988இல் அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு வயதையொட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு, வரிகளை ஒப்பிப்பதைக் குறைத்துக் கேள்வி கேட்கவும், பிள்ளையின் பதிலை நீட்டிச் சொல்லவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே மாதத்தில், வழக்கம்போல் வாசித்துக் காட்டப்பட்ட பிள்ளைகளை இந்தப் பெற்றோரின் பிள்ளைகள் பேச்சில் முந்திவிட்டார்கள். பின்னாளில் இந்த முறை நான்கு படிகளாக வகுக்கப்பட்டது. "இது என்ன செய்யுது?" என்று தூண்டுவது. பிள்ளை "ஓடுது" என்றால், "ஆமா" என்று ஏற்பது. "நாய் பந்துக்குப் பின்னால ஓடுது" என்று நீட்டுவது. அதைப் பிள்ளையின் வாயால் ஒருமுறை சொல்ல வைப்பது.

ஓடும் வண்டியில் இது எங்கே அறுந்துபோகிறது? கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில். கேட்ட நொடியே பெரியவர் தானே பதில் சொல்லிவிடுகிறார். மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுக்க வேண்டும். இரைச்சலில் பிள்ளையின் குரல் எழாது. காதை அதன் வாயருகே கொண்டுபோனால்தான் பதில் வந்ததே தெரியும்.

இன்னொன்றைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பிள்ளை கொட்டாவி விடுகிறது, முகம் வெளிறுகிறது, நெற்றி வேர்க்கிறது, பேச்சு நின்றுபோகிறது. சலிப்பு என்று நினைத்து அடுத்த பக்கத்தை விரிக்கிறார்கள். அது குமட்டலுக்கு முந்தைய நிலை. உள்காது 'அசைகிறோம்' என்கிறது, புத்தகத்தில் நிலைத்த கண் 'அசையவில்லை' என்கிறது. அந்த முரண்தான் காரணம். இரண்டு வயதுக்குமேல் பன்னிரண்டு வரை இது அதிகம். வண்டி போகும் திசையைப் பார்த்த இருக்கையில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியிலிருந்து மார்பளவுக்கு உயர்த்தி, ஓரிரு பக்கத்துக்கு ஒருமுறை தொலைவில் பார்க்க வைத்தால் ஓரளவு தணியும். அறிகுறி வந்துவிட்டால் புத்தகத்தை மூட வேண்டியதுதான். ஜன்னல் வழியே தெரிவதை வைத்து அதே கேள்வி-பதிலைத் தொடரலாம்.

கவனிக்கிற உங்களுக்கும் ஒரு வார்த்தை. படம் எடுக்காதீர்கள், எதிரே உட்கார்ந்து உற்றுப் பார்க்காதீர்கள். பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்ததும் பெரியவரின் குரல் மாறிவிடும், பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார். குறிப்பை இறங்கிய பிறகு எழுதுங்கள்: யார் புரட்டினார், யார் கேட்டார், எத்தனை நொடி காத்திருந்தார்.