துப்பாக்கி சிலர் கையில், சோதனை எல்லார் மீதும்

(ஹட்டனில் பெற்றோர், ஆசிரியர், பொலிஸ் உத்தியோகத்தர் முன்னிலையில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மாரே! கொழும்பில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தாலே நம் லயங்களில் போன் அடிக்கத் தொடங்கிவிடும். கடையிலும் ஹோட்டலிலும் வேலைக்குப் போன பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். சுடுபவர்கள் கொஞ்சப் பேர். தெருவில் மறிக்கப்படுவதோ கண்ணில் பட்ட இளைஞர் எல்லாரும். இந்தக் கணக்கு முதலில் திருந்த வேண்டும்.

அதற்கு ஒரு வழியைக் காட்டியது அமெரிக்காவின் பொஸ்டன் நகரம். அங்கே 1990களின் நடுவில் டேவிட் கென்னடி என்ற ஆய்வாளரின் குழு, பொலிஸாரையும், சிறைக்குப் பதில் நீதிமன்றம் வெளியே விட்டவரைக் கண்காணிக்கும் நன்னடத்தை அதிகாரிகளையும், தெருவில் இளைஞர்களோடு பழகும் ஊழியர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்தது. 1990 முதல் 1994 வரை கொல்லப்பட்ட 155 இளவயதினரின் பட்டியல் முன்னால். ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்வி: யாருக்கும் யாருக்கும் பகை, எதனால்? கும்பல்களின் எல்லைகளை வரைபடத்தில் குறித்தார்கள். கிடைத்தது 61 கும்பல், சுமார் 1,300 பேர். நகரத்து இளைஞரில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதம் அவர்களால்தான்.

1996இல் அந்தக் கும்பல்காரரை நேரில் அழைத்துப் பேசினார்கள். நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவர் வந்தே ஆக வேண்டும். சொன்னது சுருக்கம்: "அடுத்த கொலையை எந்தக் கும்பல் செய்கிறதோ, அதில் உள்ள அத்தனை பேரின் பழைய பிடியாணையும் போதைப்பொருள் வழக்கும் நன்னடத்தை மீறலும் தோண்டப்படும். விலகுபவருக்கு உதவி இதோ." மதகுருமாரும் பக்கத்தில் நின்றார்கள். இளைஞர் கொலைகளின் மாதச் சராசரி 63 சதவீதம் குறைந்ததாக மதிப்பீடு. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம் என்ற விவாதமும் உண்டு.

கெடுவது எங்கே? எச்சரித்தபடி செய்யாவிட்டால் அடுத்த அழைப்பை யாரும் மதிப்பதில்லை. உதவி தருவதாகச் சொல்லி வெறும் கையோடு அனுப்பினாலும் அதே கதைதான். கும்பலில் இல்லாத பிள்ளையை அழைத்துவிட்டால் அவன் பெயர் ஊரில் கெட்டுப்போகும். கண்ணில் பட்டவரையெல்லாம் மறிக்கும் வலைவீச்சுச் சோதனையோ இன்னும் மோசம்: நியூயோர்க்கில் 2011இல் சுமார் 6 இலட்சத்து 85 ஆயிரம் தடவை மறித்தார்கள், பத்தில் ஒன்பதுக்குக் கிட்டத்தட்ட கைதோ வழக்கோ இல்லை. 2013இல் நீதிமன்றம் அந்த முறை அரசியலமைப்புக்கு முரண் என்றது. இப்படி அவமானப்பட்டவன் சாட்சி சொல்ல வருவானா?

இப்படி அழைத்துப் பேசும் முறையை இங்கே செய்வதானால், அழைப்புக் கடிதம் தமிழிலும் வரட்டும். இடம், நேரம், காரணம் எல்லாம் அதில் இருக்கட்டும். தாயோ தகப்பனோ கூட இருக்கட்டும். வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கக் கூடாது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லாத நிலையத்தில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

பொஸ்டனிலேயே 2000இல் இந்தக் கூட்டங்கள் நின்றுபோயின; கொலைகள் மறுபடி ஏறின. ஆகவே கூட்டத்தைக் கூட்டும் பொறுப்பு ஓர் ஆளின் ஆர்வத்தில் தொங்காமல், நிலையப் பொறுப்பதிகாரி மாறினாலும் அடுத்தவருக்குப் போகும் கடமையாக எழுத்தில் இருக்க வேண்டும்.