மற்றும் பலர்

நேயர்களுக்கு வணக்கம்.

விழா அழைப்பிதழ் எதைக் கையில் கொடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது கடைசி வரியைத்தான். தலைமை இன்னார், முன்னிலை இன்னார், வாழ்த்துரை இன்னின்னார் என்று இறங்கிக்கொண்டே வந்து, அடியில் 'மற்றும் பலர்' என்று முடியும். அந்தப் பலர் யார் என்று யாரும் கேட்பதில்லை. ஓர் அறிவியல் ஆய்வு நிறுவனத்தின் நூலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். அந்தக் காலத்தில் பெரும்பகுதி, எங்கள் நகரத்து அறிவியல் நூலகர்கள் சேர்ந்து நடத்திய சின்னச் சங்கம் ஒன்றில், அந்தப் பலரில் ஒருத்தியாக இருந்தேன். இன்று அவர்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அறிவியல் நூலகர் என்றதும் கதைப் புத்தகத்தை முத்திரை குத்திக் கொடுப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களிடம் வருகிறவர் புத்தகம் கேட்க மாட்டார். "ஜெர்மனியில் வந்த ஒரு வேதியியல் இதழ், 1967, தொகுதி இவ்வளவு, பக்கம் இத்தனை முதல் இத்தனை வரை" என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவார். அது எங்களிடம் இருக்காது. உலகத்தில் வருகிற எல்லா ஆய்விதழ்களையும் வாங்குகிற வசதி எந்த நூலகத்துக்கும் கிடையாது. ஆகவே பக்கத்து நூலகத்தைக் கேட்க வேண்டும். அங்கேயும் இல்லாவிட்டால் அதற்கடுத்த நூலகம். அடுத்த வீட்டில் ஒரு கரண்டி காப்பிப்பொடி கடன் வாங்குவதுபோலத்தான். அறிவியல் நூலகர் சங்கங்கள் பல இப்படிப்பட்ட கைமாற்றில்தான் பிறந்தன. கொடியும் கொள்கை விளக்கமும் பிறகு வந்து சேர்ந்தவை.

இதற்கு நல்ல சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. 1898 மே 2 அன்று பிலடெல்பியாவில் ஒரு மருத்துவ இதழின் அலுவலக அறையில் நான்கு நூலகர்களும் நான்கு மருத்துவர்களும் கூடினார்கள். அன்று பிறந்ததுதான் இன்றைய மருத்துவ நூலகச் சங்கம். இப்படி ஒரு சங்கம் வேண்டும் என்ற எண்ணத்தை விதைத்தவர் மாண்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழக மருத்துவ நூலகத்தில் இருந்த மார்கரெட் சார்ல்டன் என்ற பெண். அவர் செயலாளர் ஆனார். தலைவர் பதவி மருத்துவரான ஜார்ஜ் கூல்டுக்குப் போனது. நூலகர் சங்கத்துக்கு மருத்துவர் தலைவர். அப்போது அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. மாநாட்டு மேடைகளைப் பார்த்திருக்கிற எனக்கு இப்போதும் படவில்லை என்பதுதான் வருத்தம்.

அந்தச் சங்கத்தின் முதல் பெரிய வேலை பரிமாற்றம். ஒரு நூலகத்தில் ஒரே இதழ் இரண்டு படிகள் இருக்கும். இன்னொன்றில் அதே இதழ் விடுபட்டிருக்கும். மிகுதியாக உள்ளதை வாங்கி, இல்லாதவருக்கு அனுப்ப வேண்டும். கேட்பதற்கு எளிது. கட்டுக்கட்டாக வருகிற பழைய இதழ்களைப் பிரித்து, தூசி தட்டி, தொகுதி வாரியாக அடுக்கி, யாருக்கு எது வேண்டும் என்று கடிதங்களோடு ஒப்பிட்டு, மறுபடி கட்டி, தபாலில் சேர்ப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பால்டிமோரில் கிடைத்தார். பெயர் மார்சியா நாய்ஸ்.

1896-இல் மேரிலாந்து மருத்துவர் சங்கத்தின் நூலகத்துக்கு அவர் வேலைக்கு வந்தபோது அவருக்கு மருத்துவம் தெரியாது. பொது நூலகத்தில் பழகியவர். அவரைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், மருத்துவ உலகம் கொண்டாடும் வில்லியம் ஆஸ்லர். மருத்துவர்கள் எந்த நேரத்தில் கேட்டாலும் புத்தகம் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்பதால் நூலகக் கட்டடத்திலேயே தங்க வேண்டும் என்பது ஏற்பாடு. தங்கினார். ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல. 1946-இல் இறக்கும் வரை, ஐம்பது ஆண்டுகள். 1909-இல் புதுக் கட்டடம் எழுந்தபோது அதன் மேல் மாடியில் அவருக்கு வீடு. தன் நூலகத்தின் வேலை போதாதென்று சங்கத்தின் பரிமாற்ற வேலையையும் பல ஆண்டுகள் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். 1933-இல் அவரையே சங்கத்தின் தலைவராக ஆக்கினார்கள். மருத்துவர் அல்லாத முதல் தலைவர் அவர். முதல் பெண் தலைவரும் அவரே. சங்கம் தொடங்கி முப்பத்தைந்து வருடம் கழித்து! அவருடைய இறுதிச் சடங்கு அந்தக் கட்டடத்திலேயே, ஆஸ்லர் பெயர் தாங்கிய மண்டபத்தில் நடந்தது. அந்தச் சங்கம் இன்று தருகிற மிக உயர்ந்த விருதுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நூலகத்தில் அவருடைய ஆவி உலவுவதாக ஒரு கதையும் பால்டிமோரில் உண்டு. எனக்குப் பேய்க்கதைகளில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் விடுபட்ட இதழ் ஒன்றைத் தேடி இறந்த பிறகும் ஒரு நூலகர் அலமாரிப் பக்கம் வந்து போகிறார் என்றால், அதை முழுப் பொய் என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை.

நம் நாட்டுக்கு வருகிறேன். 1955 செப்டம்பர் 3 அன்று கல்கத்தாவில் இந்தியச் சிறப்பு நூலகங்கள், தகவல் மையங்களின் சங்கம் தொடங்கியது. ஒரு துறைக்கென்றே இயங்குகிற நூலகத்தைத்தான் சிறப்பு நூலகம் என்கிறோம். சங்கத்தின் பெயரைச் சுருக்கமாக இயாஸ்லிக் என்போம். அதன் முதல் தலைவர் சுந்தர் லால் ஹோரா. மீன்களை ஆராய்ந்தவர், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநர். இங்கேயும் நூலகர்களுக்கு விஞ்ஞானி தலைவர். ஹோரா விஷயத்தில் நான் முறையிட மாட்டேன். நூலகம் இல்லாமல் தன் ஆராய்ச்சி நகராது என்று தெரிந்த விஞ்ஞானி முன்னால் வந்து நின்றால் நூலகருக்குக் கதவுகள் திறக்கும். மறு வருடமே சங்கம் ஓர் இதழையும் தொடங்கியது.

இத்தகைய சங்கங்களில் 'கௌரவச் செயலாளர்', 'கௌரவப் பொருளாளர்' என்ற பதவிகள் இருக்கும். கௌரவம் என்ற சொல்லுக்குச் சங்க அகராதியில் ஒரே பொருள்தான்: சம்பளம் கிடையாது. பல சமயங்களில் பஸ் டிக்கெட் காசும் கிடையாது. மாநாட்டு வேலைக்குத் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்தால், "இரண்டு நாள் ஜாலியாக இருந்தீர்களா?" என்று மேலதிகாரி கேட்பார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் கூட்டத்தில், "உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறதே, இன்றைக்கு மட்டும் கூட்டக் குறிப்பு எழுதுங்கள், அம்மா" என்றார்கள். அந்த 'இன்றைக்கு மட்டும்' பதினாறு வருடம் நீடித்தது. ஆண்களின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தன்னார்வத் தொண்டில் தன் ஆர்வம் எவ்வளவு, அடுத்தவர் ஆர்வம் எவ்வளவு என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சென்னையில் இருந்துகொண்டு ரங்கநாதன் பெயரைச் சொல்லாமல் நூலகச் சங்கம் பற்றிப் பேச முடியாது. கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர். நூலகம் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் அவருடைய 'நூலகவியலின் ஐந்து விதிகள்' நூலை 1931-இல் வெளியிட்டது அந்தச் சங்கம்தான். இவையெல்லாம் நூலகவியல் மாணவர்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற செய்திகள். எனக்குப் பிடித்தது வேறொன்று. 1956-இல் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார், நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்துவதற்காக. அந்தக் காலத்து ஒரு லட்சம்! அந்தப் பதவிக்கு வைத்த பெயர் சாரதா ரங்கநாதன். அவருடைய மனைவி. விடுமுறை நாளிலும் நூலகத்திலேயே கிடந்த ஒரு மனிதரின் வீட்டை யார் நடத்தியிருப்பார் என்று அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். 'மற்றும் பலர்' வரிசையிலிருந்து ஒரு பெயரை எடுத்துப் பதவிக்கு மேலேயே எழுதிவிட்டார்.

இனி எங்கள் சங்கத்துக் கதை. இணையம் வராத காலம். எந்த நூலகத்தில் எந்த ஆய்விதழ் எந்தத் தொகுதியிலிருந்து இருக்கிறது என்பதற்கு நகர அளவில் ஒரு கூட்டுப் பட்டியல் வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். தீர்மானம் போடுவது சுலபம். கை தூக்கினால் போதும். செய்வதற்கு ஒருவர் முன்வந்தார். ஒரு கல்லூரி நூலகர். ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். நாங்கள் 'சார்' என்போம். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆகையால் இங்கும் சொல்லவில்லை.

இரண்டாம் சனிக்கிழமைகளில் நீளமான கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். ஒவ்வொரு நூலகமாகப் போவார். "பதிவேட்டைப் பார்த்து எழுதி அனுப்பச் சொன்னால் போதாதா, சார்?" என்று கேட்டேன். "பதிவேட்டில் இருக்கும் அம்மா, அலமாரியில் இருக்காது" என்றார். ஏணியில் ஏறி ஒவ்வோர் இதழாகத் தொட்டுப் பார்ப்பார். இருந்தால் சரிக்குறி, இல்லாவிட்டால் ஒரு கோடு, பைண்டிங்குக்குப் போயிருந்தால் ஒரு சிறு முக்கோணம். மாலையில், நகல் எடுப்பதற்கான மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்வார். தவறு விழுந்த இடத்தில் இளஞ்சிவப்புத் திரவத்தைத் தொட்டு வைத்து, வாயால் ஊதிக் காயவைத்து, மறுபடி தட்டுவார். நகப்பூச்சு வாசனை அடிக்கும். பிறகு அந்தத் தாளிலிருந்து மையில் நகல்கள் எடுக்கும் சைக்ளோஸ்டைல் எந்திரம். திங்கட்கிழமை அவர் கையைப் பார்த்தால் நகக்கண்ணில் கறுப்பு மை இருக்கும். மூன்று வருடம் இப்படி.

அந்தப் பட்டியல் எங்களுக்கு எவ்வளவு உதவியது என்று சொல்லத் தொடங்கினால் நேரம் போதாது. வாசகரின் நேரத்தைக் காத்திடு என்பது ரங்கநாதனின் நான்காவது விதி. அதை நான் வகுப்பில் படித்தேன். அந்த நோட்டில்தான் பார்த்தேன்.

சங்கத்தின் வெள்ளி விழா வந்தது. மேடையில் பன்னிரண்டு நாற்காலி. பொன்னாடை, சந்தன மாலை, கண்ணாடிப் பேழைக்குள் நினைவுப் பரிசு. அன்று காலைதான் முதன்முறையாக எங்கள் சங்கத்தின் பெயரைக் கேள்விப்பட்ட ஒரு பிரமுகருக்கு இரண்டு பொன்னாடை. ஒன்று தலைவர் சார்பில், இன்னொன்று வரவேற்புக் குழு சார்பில். சார் எங்கே என்று தேடினேன். வாசலில், பதிவு மேசையில் உட்கார்ந்து, சாப்பாட்டுக் கூப்பனைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நன்றியுரையில் அவருடைய பட்டியல் ஒரு வாக்கியத்தில் வந்தது. "மற்றும் இதற்காக உழைத்த பலருக்கும் நன்றி."

அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் கையெழுத்து அழகைக் கண்டுபிடித்தவர்களே மறு வருடம் என்னை விருதுக் குழுவிலும் போட்டார்கள். விருதுக்கு விண்ணப்பப் படிவம் ஒன்று இருந்தது. நான்கு பக்கம், மூன்று நகல், தன் சாதனைகளைத் தானே எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஏணியில் ஏறி நிற்கிற மனிதருக்கு அதை எழுத நேரம் ஏது? எழுத நேரம் உள்ளவருக்கே விருது போய்க்கொண்டிருந்தது. நாங்கள் படிவத்தைத் தூக்கி வைத்துவிட்டு உறுப்பினர்களுக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்பினோம். ஒரே கேள்வி: சென்ற ஆண்டு உங்கள் வேலையை எளிதாக்கியவர் யார், என்ன செய்தார்?

பதில்கள் வந்தன. பெரிய வார்த்தைகள் இல்லாத பதில்கள். ஒருவர் எழுதியிருந்தார்: "நான் பதினொரு பக்கம் நகல் கேட்டேன். மேற்கோள் பட்டியல் அடுத்த இரண்டு பக்கத்தில் தொடர்கிறது என்று பார்த்து, பதின்மூன்று பக்கம் அனுப்பினார்." இன்னொருவர்: "பிரசவ விடுப்பில் இருந்தபோது என் நூலகத்துக்கு வந்த கோரிக்கைகளையும் அவரே வாங்கிப் பார்த்துக்கொண்டார், என் அதிகாரிக்கு இது தெரியாது." பாதி அட்டைகளில் சாரின் பெயர் இருந்தது.

அந்த வருட விழாவில் பாராட்டுப் பத்திரத்தை நான்தான் எழுதி வாசித்தேன். அரும்பணி, பெரும்பணி, தன்னலமற்ற என்ற சொற்களை எல்லாம் விலக்கிவிட்டு, நோட்டு, ஏணி, சரிக்குறி, முக்கோணம் என்று எழுதினேன். "27 நூலகங்களுக்கு நேரில் சென்று" என்று வாசித்தபோது சார் மேடையில் தலையை அசைத்தார். நெகிழ்ந்துபோனார் என்று நினைத்தேன். பத்திரத்தை வாங்கியதும் ஒலிபெருக்கி பக்கம் வந்தார்.

"26-தான். கண் அறுவை சிகிச்சை செய்திருந்த மாதம் என்னால் போக முடியவில்லை. அந்த ஒரு நூலகத்தை அங்கே தற்காலிகமாக வேலை பார்த்த ஒரு பெண் சரிபார்த்துக் கொடுத்தார். அவரை அழைத்திருக்கலாம்" என்று பெயரையும் சொன்னார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பத்திரத்தில் 27 என்பதைக் குறுக்கே அடித்து 26 என்று எழுதினார். பதிவேட்டில் திருத்தினால் செய்வதுபோலப் பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டார். கூட்டத்தில் சிரித்தார்கள்.

அன்றும் கூட்டக் குறிப்பு எழுதியது நான்தான். அந்தப் பெண்ணின் பெயரை எழுதிவிட்டு, இனிஷியல் என்ன என்று சாரைக் கேட்டேன். அவருக்கு நினைவில்லை. அந்தப் பெண் வேறு வேலைக்குப் போய்விட்டாராம். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அந்த நூலகத்துக்குத் தொலைபேசி செய்து, பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

வணக்கம்.