சுவர் இருந்தால்தானே சித்திரம்

அவைக்கு வணக்கம். விழாத் தலைவர் அவர்களே, இந்த ஓவிய வட்டத்தை இத்தனை காலம் கலையாமல் கட்டிக்காத்து வரும் செயலாளர் அம்மா அவர்களே, பரிசு வழங்க வந்திருக்கும் ஓவிய ஆசிரியர் ஐயா அவர்களே (இந்த அரங்கில் கரிக்கோல் பிடிக்கிற பாதிக் கைகள் ஐயா திருத்திய கைகள்தான்), பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பெற்றோர்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் என் வணக்கம். தலைவர் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளுக்கு நன்றி. பிரான்சில் ஒரு கிராமத்தில் தங்கியிருந்து பேஸ்டலில் மனித உருவம் தீட்டக் கற்றுவந்ததைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பொருள், பாடம், ஒரு கோரிக்கை என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் பொருள். நிறமியைக் கொஞ்சம் பசையோடு பிசைந்து உருட்டிக் காயவைத்த குச்சிதான் பேஸ்டல். எண்ணெய் கிடையாது, அதனால் எண்ணெய் ஓவியம் போல நாளாக நாளாக மஞ்சளாவதில்லை, வெடிப்பதில்லை. வெனிஸ் நகரத்து ஓவியர் ரோசல்பா கரியேரா 1720இல் பாரிசுக்குப் போய் இந்தக் குச்சியாலேயே அங்கிருந்த அரச கலைக்கழகத்தில் இடம் பிடித்தார். பிரெஞ்சு ஓவியர் ஷார்தான் முதிய வயதில் கண் ஒத்துழைக்காதபோது எண்ணெய் வண்ணத்தை விட்டு பேஸ்டலுக்கு வந்து தன் முகத்தையே தீட்டினார், அந்தப் படங்கள் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆக, இது குழந்தைகள் கிறுக்குகிற சாக்குக்கட்டி இல்லை.

சுவர் இருந்தால்தானே சித்திரம் என்பார்கள். பேஸ்டலுக்குச் சுவர் காகிதம். வழவழப்பான தாளில் பொடி நிற்காது, உதிர்ந்துவிடும். மணல்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கிற தாள்தான் நாலைந்து அடுக்கைத் தாங்கும். கடினமான குச்சியில் ஆரம்பித்து, மிருதுவானதில் முடிக்க வேண்டும். அடர்நிறத்தை முதலில் போட்டு, வெளிச்சத்தைக் கடைசியில் ஏற்ற வேண்டும். நம் உடம்பும் ஒரு சுவர்தான், அதையும் மறக்காதீர்கள். பொடியை வாயால் ஊதாதீர்கள், பலகையை முன்பக்கம் லேசாகச் சாய்த்துத் தட்டிவிடுங்கள். சில நிறங்களில் காட்மியம் இருக்கிறது, அது நுரையீரலுக்குள் போகக் கூடாத பொருள். முகக்கவசம் போட்டுக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். பொடியைப் பிடித்துவைக்கிற ஸ்ப்ரேயை விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள், எளிதில் தீப்பிடிக்கும் பொருள் அது. போன இடத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது பாடம். காலையில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடப் போஸ்கள், கை சூடேறுவதற்கு. அப்புறம் நாள் முழுக்க ஒரே நீண்ட போஸ். மாடல், அதாவது நாங்கள் பார்த்து வரைவதற்காக உட்காருபவர், இருபது நிமிடம் அசையாமல் இருப்பார், பிறகு ஓய்வு, பிறகு அதே போஸ். திரும்ப வந்து அதே இடத்தில் உட்காருவதற்காக அவருடைய பாதத்தையும் நாற்காலிக் காலையும் சுற்றித் தரையில் டேப் ஒட்டி வைத்திருப்பார்கள். பெட்டியில் ‘தோல் நிறம்’ என்று ஒரு குச்சி இருக்குமே, அதைத் தொடவே கூடாது என்றார் எங்கள் ஆசிரியை. மாடலின் முழங்காலைக் கண்ணை இடுக்கிப் பாருங்கள் என்றார். ஜன்னல் பக்கம் நீலம் கலந்த வெளிர் இளஞ்சிவப்பு, எலும்பு முட்டும் இடத்தில் செம்மை, மடிப்புக்குக் கீழே சாம்பல் கலந்த பச்சை, அதற்கும் கீழே தரைவிரிப்பின் சிவப்பு ஏறிவந்து கெண்டைக்காலில் விழுகிறது. ஒரு முழங்காலுக்குள் இவ்வளவு இருக்கிறது! போட்டோவில் அந்தப் பச்சையெல்லாம் ஒரே கறுப்பாகப் போயிருக்கும்.

இப்போது ஒரு சம்பவம் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மதியம் மாடல் அம்மா இடுப்பைத் திருப்பி உட்கார்ந்து, ஒரு கையை நாற்காலி முதுகுக்கு மேலே தூக்கி வைத்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்களோடு படித்த ஒருவர், நல்ல ஆஜானுபாகு, ஓயாமல் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். கை இறங்கிவிட்டது, தலை கொஞ்சம் இந்தப் பக்கம், தோள் முன்பு மாதிரி இல்லை. அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் பேசாமல் சரிசெய்துகொண்டார். ஆசிரியை குச்சியைக் கீழே வைத்தார். மாடலுக்கு ஒரு போர்வையும் சூடாகத் தேநீரும் கொடுத்து எங்கள் எதிரில் உட்காரவைத்தார். “சரி, எல்லாரும் அந்தப் போஸில் உட்காருங்கள், நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். முதல் நிமிடம் ஒரே சிரிப்பு. அடுத்த நிமிடம் சிரிப்பு நின்றுவிட்டது. அப்புறம் தோள்பட்டை எரிய ஆரம்பித்தது, விரல் நுனி மரத்தது, எதிர்ப்பக்க இடுப்பு பிடித்துக்கொண்டது. மாடல் அம்மா தேநீரைக் குடித்தபடி, “உங்கள் முழங்கை இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் மேலே” என்று அந்த ஆளிடம் மெதுவாகச் சொன்னார்! கூடமே அதிர்ந்தது. அஞ்சு நிமிடம்கூட ஆகவில்லை, அவர் கையைத் தொப்பென்று போட்டுவிட்டார். திரும்ப வரைபலகைத் தாங்கிக்குப் போனபோது எல்லாருடைய படமும் மாறியது. எடை எந்த எலும்பில் இறங்குகிறது, எந்தப் பக்கம் தசை இழுக்கிறது என்று எங்கள் உடம்புக்கே தெரிந்திருந்தது. குறை சொன்னவர் அடுத்த ஓய்வில் எழுந்துபோய் ஹீட்டரை மாடலுக்குப் பக்கத்தில் தானே நகர்த்தி வைத்தார்.

சுவர் இருந்தால்தானே சித்திரம்! அந்த அம்மாதான் எங்கள் சுவர். நான் இன்று வந்ததே இதைச் சொல்லத்தான். ஓவியனுக்கு மாலை போடுகிறோம், மணிக்கணக்கில் உடம்பை அசைக்காமல் கொடுத்தவருக்கு என்ன செய்கிறோம்? சூசான் வாலாதோனை எடுத்துக்கொள்ளுங்கள். 1865இல் பிறந்தவர், சர்க்கஸில் வித்தை காட்டிக் கீழே விழுந்து அடிபட்ட பிறகு மாடலாக உட்கார்ந்தார், ரெனுவார், துலூஸ் லொத்ரேக் என்ற ஓவியர்களுக்கு. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துப் பார்த்துக் கற்றார், பிறகு தாமே வரைந்தார். பேஸ்டலில் குளிக்கும் பெண்களை வரைந்து 1886இல் பாரிசைப் பேசவைத்த தெகாவே வாலாதோனின் கோட்டோவியங்களை விலைகொடுத்து வாங்கினார். வாலாதோன் பெயர் நமக்குத் தெரிகிறது. மற்ற மாடல்களில் எத்தனை பேர் பெயர் தெரியும்? படச் சட்டத்துக்குக் கீழே ‘அமர்ந்திருக்கும் பெண்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம், அது எனக்குப் பொறுக்கவில்லை.

நாம் செல்பேசிப் படத்தைப் பார்த்து வரைந்துகொண்டே இருந்தால், பொடியும் தாளும் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தும் உருவத்துக்குள் உயிர் இருக்காது. ஆளை உட்காரவைத்து வரைய வேண்டும். ஆடையோடு உட்கார்ந்தாலே போதும், முகமும் கையும் கழுத்தும் ஆயுசுக்கும் போதுமான பாடம். உட்காருபவரைக் கௌரவமாக நடத்த வேண்டும், அவ்வளவுதான் என் கோரிக்கை.

தலைவர் மணியைப் பார்க்கிறார், புரிகிறது. செயலாளர் அம்மா, இன்றைய தீர்மானத்தில் இவற்றைச் சேர்த்துவிடுங்கள். மாதம் ஒரு நாள் நேரில் ஆள் வைத்து வரையும் வகுப்பு. மாடலுக்கு முன்கூட்டியே பேசி முடிவுசெய்த ஊதியம், அதுவும் அன்றைக்கே கையில். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஓய்வு, உடை மாற்ற மறைப்புள்ள இடம், அவர் சம்மதம் இல்லாமல் யாரும் போட்டோ எடுக்கக் கூடாது. அவர் விரும்பினால் அடுத்த கண்காட்சியில் படத்துக்குக் கீழே ஓவியர் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும் இருக்க வேண்டும். பொருளாளர் ஒப்புக்கொண்டால் முதல் மூன்று மாத ஊதியம் என் பொறுப்பு, பெயர்ப்பதிவுக் காகிதம் வாசலில் வைத்திருக்கிறேன்.